அவுட்போர்டு எஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டுவது: டிரம்மா, மஃப்பா, ஹோஸா?

கடலில் ஓடிவந்த அவுட்போர்டு எஞ்சினை, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினை, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று விற்பவர் சொல்கிறார், கையேடு சொல்கிறது, மெக்கானிக்கும் சொல்கிறார். எப்படிக் கழுவுவது என்று காட்டும் வீடியோக்களுக்கும் குறைவில்லை. அந்த வீடியோக்களில் எல்லாம் முற்றத்தில் ஒரு குழாய் இருக்கிறது. திருகினால் தண்ணீர் வேகமாக வருகிறது, கால் மணி நேரம் நிற்காமல் கொட்டுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை நம் கரையோர ஊர்களில் அப்படியொரு குழாய் எத்தனை வீட்டில் இருக்கிறது? குடிதண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. வந்ததைக் குடத்தில் பிடித்து இடுப்பில் சுமப்பது பெண்கள். ஆகவே எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த முறைக்கு எத்தனை குடம் செலவாகும் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையையும் இங்கே அந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்கிறேன்.

உப்பு எங்கே போய் உட்காருகிறது

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரே நேராக எஞ்சினுக்குள் போய்க் குளிர்விக்கிறது. கியர் பெட்டியின் பக்கத்தில் உள்ள சல்லடைத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதற்குச் சற்று மேலே, தண்டோடு சேர்ந்து சுற்றும் ரப்பர் இம்பெல்லர், அதாவது பம்பின் இதழ்ச் சக்கரம், அதை மேலே தள்ளும். சிலிண்டரையும் அதன் மேல்மூடியான ஹெட்டையும் சுற்றிவந்து, சூடானால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து கீழே இறங்கி மறுபடி கடலுக்கே போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்வரை சாதா உப்பு தங்குவதற்கு வழியில்லை. கரைக்கு வந்து நிறுத்தியதும் பெரும்பகுதி வடிந்துவிடும். வளைவுகளிலும் மூலைகளிலும் கொஞ்சம் தேங்கும். சூடான அலுமினியத்தின் மேல் அந்தக் கொஞ்சம் காயும்போதுதான் உப்பு உட்காருகிறது.

உட்காருவது இரண்டு வகை என்பதைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, சாதா உப்பு. இது நல்ல தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரால் 350 கிராமுக்கு மேல் கரைக்க முடியும். மற்றது, சுண்ணாம்புச் சத்து சேர்ந்த பொருக்கு. தண்ணீர் சூடாகச் சூடாக இது கூடுதலாகப் படியும். படிந்து இறுகிவிட்டால் வெறும் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. நாம் கழுவுவது முதல் வகையை வெளியேற்றுவதற்கு. இரண்டாவது வகை சேரும் வேகத்தை அது குறைக்கும், அவ்வளவுதான். பல வருடமாகக் கழுவாத எஞ்சினை ஒருநாள் மட்டும் டிரம்மில் ஓட்டிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று யாரும் நம்ப வேண்டாம்.

அப்படிக் கழுவாமல் ஓடி, சூடேறிப் பட்டறைக்கு வந்த எஞ்சின் ஒன்றின் தெர்மோஸ்டாட் மூடியைப் பட்டறையில் திறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூடியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் துரு எண்ணெய் விட்டு, ஊறவைத்து, லேசாகத் தட்டித் தட்டித் திருப்பியும் ஒன்று தலை முறிந்து ஸ்பேனரோடு வந்தது. ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் உப்புநீர் இருந்தால், அரிபடுவது அலுமினியம். அது வெள்ளைப் பொடியாகப் பொங்கிப் போல்ட்டை இறுக்கிவிடுகிறது. மூடிக்கு உள்ளே ஸ்பிரிங் இருக்கிற இடமே தெரியவில்லை; சாம்பல் நிறப் பொருக்குக்குள் புதைந்து கிடந்தது. சுண்டுவிரல் போகவேண்டிய பாதையில் தீக்குச்சி போகும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியிருந்தது.

எஞ்சின்காரர் மெக்கானிக்கிடம் கேட்டார்: "தண்ணி நல்லாத்தான பீச்சிக்கிட்டு இருந்துச்சு தம்பி. பெறவு எப்படிச் சூடாச்சு?"

"பீச்சுற தண்ணி பம்பு வேலை செய்யுதுங்கிறதத்தான் காட்டும் அண்ணாச்சி. ஹெட்டுக்குள்ள சுத்தி வருதாங்கிறத அது காட்டாதுல்லா."

அந்தப் பதில் எல்லா எஞ்சின்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பல மாடல்களில் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர், தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வருவதல்ல. வழியிலேயே தனியாகப் பிரித்து விடப்படுவது. தெர்மோஸ்டாட் அடைத்துக் கிடந்தாலும் அது பீய்ச்சும். எனவே எந்த முறையில் கழுவினாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எஞ்சின் சூடாகி, தெர்மோஸ்டாட் திறந்து, நல்ல தண்ணீர் அதைத் தாண்டிப் போனதா? முறைகளுக்குள் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

டிரம்மில் ஓட்டுவது

8, 9.9 எச்.பி. எஞ்சின் வைத்திருப்பவர்கள் பலரும் அதைப் படகிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. சுமார் 40 கிலோ இருக்கும். தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது டிரம்தான்.

ஆனால் டிரம் என்றதும் எல்லாரும் 200 லிட்டர் நீல டிரம்மைத் தேடுகிறார்கள். அது வேண்டாம். அதன் வாய் அகலத்தால், எஞ்சினுக்கு வேண்டிய உயரத்துக்குத் தண்ணீர் நிற்கவே 100 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிவரும். 100 லிட்டர் டிரம் ஒடுக்கமானது. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டால் எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, தாராளமாக உள்ளே இறங்கும். அதில் 70 லிட்டர் போதும், அதாவது பிளாஸ்டிக் குடத்தால் நாலரை, ஐந்து குடம். எஞ்சினை டிரம் விளிம்பில் மாட்டாதீர்கள், பாரத்துக்கு வளைந்துவிடும். நல்ல கனமான பலகை வைத்து அடித்த மரத்தாங்கியில் எஞ்சினை இறுக்கிவிட்டு, டிரம்மை அதன் அடியில் நகர்த்தி வைப்பதுதான் சரி.

புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கிறதல்லவா, தண்ணீர் அதற்கு மேலே ஒரு கை அகலமாவது நிற்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் புகை உள்ளே கொப்பளித்துத் தண்ணீரைச் சிதறடிக்கும், மட்டம் இறங்கும். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இறங்க இறங்க ஊற்ற வேண்டும். மட்டம் தகட்டுக்குக் கீழே போனால் இம்பெல்லர் காய்ந்து ஓடும். அந்த ரப்பர் தண்ணீரைத்தான் தன் உராய்வுக்கு எண்ணெயாகப் பயன்படுத்துகிறது. தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலே அதன் இதழ்கள் தேய்ந்து கிழியும்.

புரொப்பல்லரைக் கழற்றச் சொல்வது இடத்துக்காக மட்டுமல்ல. நியூட்ரலில் இருந்தாலும் சில எஞ்சின்களில் அது மெல்லச் சுற்றும். வீட்டு வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். ஒருமுறைகூட அதை மாட்டியபடியே டிரம்மில் ஓட்டக்கூடாது. அதேபோல, மழை என்று சொல்லி ஷெட்டுக்குள்ளோ வராந்தாவுக்குள்ளோ வைத்து ஓட்டக்கூடாது. அந்தப் புகை மூடிய இடத்தில் உயிரை எடுத்துவிடும்.

நியூட்ரலில், ஆக்ஸிலேட்டர் ஏற்றாமல், ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஓடட்டும். டிரம்மில் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் அதுவும் சூடாகும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு இது ஓரளவு நல்லது என்றே படுகிறது: சும்மா நின்று ஓடும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்க நேரம் பிடிக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் அதைச் சீக்கிரம் திறக்க வைக்கிறது. கையை விட முடியாத சூட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

"கழுவின உப்பு அதே தண்ணியிலதான கிடக்கு, அதுல மறுபடி ஓட்டி என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எஞ்சினுக்குள் ஒரு லிட்டர் கடல்நீர் தேங்கியிருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் 35 கிராம் உப்பு. 70 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு அரை கிராம், கடலில் எழுபதில் ஒரு பங்கு. தண்ணீரை மாற்றாமல் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் ஓட்டினால் 210 கிராம் சேரும். லிட்டருக்கு 3 கிராம். அப்போதுகூடக் கடலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டிரம்மில் இறக்கும் முன்னால் வெளிப்புறத்தை ஒரு வாளித் தண்ணீரில் துடைத்துவிட்டால் இன்னும் குறையும். ஆக, ஐந்து குடம் ஒரு வாரத்துக்குத் தாங்குகிறது. மற்ற எந்த முறையும் இந்தச் சிக்கனத்துக்குக் கிட்டே வராது.

தண்ணீரை எந்த நாளில் மாற்றுவது என்பதும் முக்கியம். நம் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்கள் பல. அங்கே எஞ்சின் நீண்ட நேரம் காய்ந்து கிடப்பது சனிக்கும் திங்களுக்கும் இடையில். அதனால் திங்கட்கிழமை புதுத் தண்ணீர் ஊற்றாமல், சனிக்கிழமை ஊற்றுங்கள். உள்ளே தேங்கிக் காயப்போவது அந்த வாரத்திலேயே சுத்தமான தண்ணீராக இருக்கும். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் என்றால் வியாழக்கிழமை.

டிரம்முக்கு இன்னொரு பலனும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் எரிபொருள் வேலையையும் அப்போதே முடித்துவிடலாம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைக் கடைசி நிமிடங்களில் பெட்ரோலுக்கு மாற்றி, பிறகு எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டால் கார்புரேட்டரில் இருப்பது எரிந்து எஞ்சின் தானாக நிற்கும். மறுநாள் கயிறு இழுக்கும்போது அதன் அருமை தெரியும். பல நாள் நிறுத்தப்போகிறோம் என்றால் நிற்பதற்குச் சற்று முன்னால் காற்று உறிஞ்சும் வாய் வழியாகப் பாதுகாப்பு எண்ணெய் தெளித்து சிலிண்டருக்கும் காப்புக் கொடுக்கலாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை மட்டும் இப்படி எரிபொருள் காயும்வரை ஓட்டக்கூடாது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடிய டிரம் தண்ணீரில் எண்ணெய் படலம் மிதக்கும். வாரக் கடைசியில் அதைக் கொட்டும்போது கிணற்றடியிலும் மணலில் தோண்டிய ஊற்றுப் பக்கமும் கொட்டிவிட வேண்டாம். கரையோர மணலில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. அதில் இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது.

மஃப்

இரண்டு ரப்பர் கிண்ணங்கள், ஒரு கம்பி வளைவு, ஒன்றில் ஹோஸ் மாட்டும் வாய். சல்லடைத் துளைகளின் மேல் இரு பக்கமும் பொருத்தி, ஹோஸில் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டுவது. தலையில் மாட்டும் இயர்ஃபோன் போல இருப்பதால் இயர் மஃப் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

எஞ்சின் ஓடுகிறது, தெர்மோஸ்டாட் திறக்கிறது, போன தண்ணீர் திரும்பி வருவதில்லை, ஒவ்வொரு துளியும் புதுசு. கழுவும் தரத்தில் டிரம்மை விட ஒரு படி மேல் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். கஷ்டம் தண்ணீரில். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 100 லிட்டர். ஆறு நாளைக்கு 600 லிட்டர், நாற்பது குடம். அத்தனையும் மணலுக்குப் போகிறது.

அழுத்தமும் வேண்டும். மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயில் வரும் தண்ணீர் சிறிய எஞ்சினுக்குச் சில வீடுகளில் போதும், சில வீடுகளில் போதாது. எப்படிக் கண்டுபிடிப்பது? கிண்ணங்களைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால் தேவைக்கு மேல் வருகிறது என்று பொருள். வழிவது நின்று, ரப்பர் உள்வாங்கிச் சப்பிக்கொண்டால் பம்பு கேட்பதைக் குழாய் கொடுக்கவில்லை. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். நிறுத்தும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். இந்த வரிசை மாறவே கூடாது. கரண்ட் போய் மோட்டார் பம்பு நின்றால் பக்கத்தில் ஆள் இல்லாத எஞ்சின் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கும் முன்னால் எஞ்சினின் சல்லடை எங்கே இருக்கிறது என்று பார்க்கவும். சில சிறிய எஞ்சின்களில் துளைகள் தகட்டுக்கு அடியில் இருக்கும். மஃப் அங்கே உட்காராது.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஹோஸ் மாட்டுவது

புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் முன்பக்கம் ஹோஸ் மாட்ட ஒரு வாய் வைத்தே வருகிறது. யமஹாவின் கையேடு சொல்லும் முறை: எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த வாயில் ஹோஸை மாட்டி, சுமார் 15 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். இந்த வழியாக விடும் தண்ணீர் நேராக மேலே போய்ப் பிறகு இறங்குவதால், அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கீழே இருக்கும் இம்பெல்லருக்குச் சேரவேண்டியது சேராது. இம்பெல்லர் போய்விடும், எஞ்சினும் சூடாகிவிடும். வேறு சில கம்பெனி எஞ்சின்களில் ஓடவிட்டே கழுவ அனுமதி உண்டு. உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பார்க்காமல் அடுத்த படகுக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

இதன் பெரிய சௌகரியம், படகு தண்ணீரில் மிதக்கும்போதே செய்யலாம். எஞ்சினை மேலே தூக்கிக் கடலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஹோஸை மாட்டினால் போதும். 40 எச்.பி. எஞ்சின் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். அப்படிப்பட்டவர்களுக்கு இதுதான் வழி.

படகு நிற்கும் இடத்தில் குழாய் இல்லையே என்றால், இரண்டு 20 லிட்டர் கேன், ஒரு சிறிய 12 வோல்ட் பம்பு, ஒரு துண்டு ஹோஸ். விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வைத்திருக்கும் பேட்டரியிலேயே பம்பு ஓடும். எஞ்சின் நின்றிருப்பதால் தண்ணீர் மெதுவாக வந்தாலும் ஆபத்தில்லை. கழுவல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 40 லிட்டர் என்பது கையேடு சொல்லும் 15 நிமிடத்துக்குக் காணாது. இருந்தாலும் மூன்று குடத்துக்குள் முடியும் இந்த வேலை, கழுவாமல் விடுவதைவிட எத்தனையோ மேல்.

குறை என்னவென்றால், எஞ்சின் ஓடாததால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கரை சேர்ந்து சூடு ஆறுவதற்குள் செய்துவிடுவது நல்லது. வருடத்துக்கு ஒருமுறையாவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்ப்பதை இந்த முறைக்காரர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றியதைப் பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துச் சூடாக்கினால், கண் முன்னால் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் புதுசு மாற்றுங்கள்.

ஹோஸைக் கழற்றியபின் அந்த வாயின் இணைப்பைப் பழையபடி அதன் இடத்தில் திருகி இறுக்க மறந்துவிட வேண்டாம். தளர்வாக விட்டால் மறுநாள் கடலில் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அந்த வழியே ஒழுகிப்போகும்.

மற்ற வழிகள்

எஞ்சினின் காலைச் சுற்றிக் கட்டும் தடித்த பை ஒன்று விற்கிறார்கள். மிதக்கும் படகிலேயே பையில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓட்டலாம். டிரம்மின் வேலையைத்தான் செய்கிறது. அலை இல்லாத ஓடையிலும் கழிமுகத்திலும் சரிவரும். திறந்த கடற்கரையில் படகு ஆடும் ஆட்டத்துக்குப் பை நிற்காது.

ஆற்று முகத்துவாரத்தில் வரும்போது எஞ்சின் தானாகக் கழுவிக்கொள்கிறது என்ற பேச்சு புன்னைக்காயல் பக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி நிறைந்து வரும் நாட்களில் அது உண்மை. மற்ற மாதங்களில் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் உள்ளே வருவது கடல்தான். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்பை நீக்கும் திரவம் என்று பாட்டிலில் வருவதைத் தண்ணீரோடு கலந்து விடச் சொல்கிறார்கள். சாதா உப்பைக் கரைக்கத் தண்ணீரே போதும் என்பதை மேலேயே சொன்னேன். கையில் காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் அந்தக் காசுக்கு முதலில் ஒரு புது இம்பெல்லர் வாங்கி வைப்பேன் நான். பொருக்குப் பிடித்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் இளகும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் எஞ்சின் பக்கமே கொண்டுவராதீர்கள். அது பொருக்கைத் தின்கிற வேகத்தில் அலுமினியத்தையும் தின்னும். "பளிச்சுனு ஆயிடும்" என்று யாராவது சொன்னால், பளிச்சென்று ஆவது எஞ்சினின் சுவர் மெலிவதால்தான்.

எந்தத் தண்ணீர்

வீட்டுக் குடிதண்ணீரை எஞ்சினுக்கு ஊற்ற மனசு வராது, வரவும் கூடாது. நல்லவேளையாக, அது தேவையுமில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை ஏற்கலாம். கரையோரப் போர்வெல்லில் 3,000, 4,000 என்று வந்தால் வாயில் வைக்க முடியாது. ஆனால் கடல்நீர் 35,000! வாயில் வைக்க முடியாத அந்த உவர்த் தண்ணீரே கடலைவிட எட்டு, ஒன்பது மடங்காவது தேவலை. தினசரி டிரம்முக்கு அது போதும். வாரக் கடைசியில், நிறுத்தி வைக்கும் முன்னால் மட்டும் நல்ல தண்ணீர் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைத்தண்ணீர். அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எனவே கழுவிய தண்ணீரே புதுப் பொருக்கு சேர்க்கும் என்ற பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்னமும் நேராக மண்ணுக்குள்தான் போகிறது. அதன் வாயில் 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து மூடி போட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புவது ஏழு வாரத்து டிரம்முக்கு வரும்.

தினமும் வேண்டுமா

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்த பிறகும் கழுவச் சொல்கிறது கையேடு. அது சரியான பேச்சு. ஆனால் தினமும் விடிகாலையில் ஓடும் எஞ்சினுக்கும், வாரத்துக்கு ஒருநாள் தூண்டில் போடப் போகிறவரின் எஞ்சினுக்கும் ஒரே அவசரம் இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் மறுபடி ஓடும் எஞ்சினுக்குள் ஈரம் முழுசாகக் காய்வதற்குள் புதுத் தண்ணீர் வந்துவிடுகிறது. எப்போதாவது ஓடும் எஞ்சினில்தான் உப்பு நன்றாகக் காய்ந்து இறுகுகிறது. அதனால் பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவர்கள் ஒருநாள்கூட விடாமல் கழுவ வேண்டும்.

தொழில் செய்பவர்கள் தண்ணீர் இல்லாத நாளில் விட்டாலும், இரண்டு நாளுக்கு மேல் எஞ்சின் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் அன்று கட்டாயம் கழுவ வேண்டும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வந்த மாலையில் எல்லாரும் படகை மேலே இழுப்பதிலும் வலையை எடுப்பதிலும் இருப்பார்கள். எஞ்சினை அப்படியே வீட்டு மூலையில் சாத்திவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு வாரம் அதை யாரும் தொடமாட்டார்கள். என்னைக் கேட்டால் வருடத்திலேயே மிக முக்கியமான கழுவல் அந்த மாலையில் செய்வது.

முடிவாக எதை எடுப்பது

தோளில் தூக்கிவரும் சிறிய எஞ்சினுக்கு 100 லிட்டர் டிரம், மரத்தாங்கி. வீட்டில் போர்வெல்லும் மோட்டாரும் இருந்து, சல்லடைத் துளை பக்கவாட்டில் இருக்கிற எஞ்சின் என்றால், தினமும் டிரம்மும் வாரக் கடைசியில் மஃப்பும் வைத்துக்கொள்ளலாம். இரண்டின் நன்மையும் கிடைக்கும். படகிலேயே நிற்கும் 25, 40 எச்.பி. எஞ்சினுக்கு ஹோஸ் வாய், கேன், சிறிய பம்பு. பழைய எஞ்சினில் ஹோஸ் வாய் முன்பக்கம் இல்லையென்றால் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் அதைக் கழற்றி அதற்கென்று உள்ள இணைப்பைப் போட்டு ஹோஸ் மாட்டலாம்.

நான்கைந்து பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் எஞ்சின் வைத்திருந்தால் டிரம்மைப் பொதுவில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் தண்ணீர்க் கணக்கு மாறும். ஒரு நாளைக்கு ஐந்து எஞ்சின் இறங்கினால், ஆறு நாளில் சேரும் உப்பு ஒன்றே கால் நாளில் சேர்ந்துவிடும். தினமும் மாற்ற வேண்டியிருக்கும். அப்படியும் ஆளுக்கு ஒரு குடம்தான் வருகிறது.

எந்த முறையில் கழுவினாலும், முடிந்ததும் எஞ்சினை நேராக நிறுத்தித் தண்ணீர் முழுசும் வடிய விடுங்கள். வடியும் முன்னால் படுக்கப்போட்டால் புகைவழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். படுக்கப்போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், தலைப்பகுதி எப்போதும் கால் பகுதியைவிட உயரமாக இருக்கட்டும். கால் பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது கரைந்தால்தான் அலுமினியம் பிழைக்கும், அதனால் அதன்மேல் பெயின்ட் அடிக்கக்கூடாது. கியர் ஆயிலை மாற்றும்போது பால்போல வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.